மலைகளைக் காக்கும் கால்கள்

மதுரைக்குப் போகிறவர்கள் இன்னின்ன இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நெடுநாளாக ஒரு கணக்கு இருந்து வருகிறது. அதிகாலையில் மீனாட்சியம்மன் சந்நிதி. அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால். பிறகு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். நேரமும் முழங்காலும் இடங்கொடுத்தால் திருப்பரங்குன்றமும் அழகர் கோயிலும். மாலையில் இரண்டு முழம் மல்லிகைப் பூவோடு ரயிலேறிவிட்டால் மதுரையைப் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். நாமும் இந்தக் கணக்குப்படி மதுரையைப் பல முறை பார்த்து முடித்தவர்கள்தாம்.

ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரு காட்சி நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பாதை வழியாக நகருக்குள் நுழைந்தாலும் ஒரு மலை எதிர்கொண்டு வரவேற்கிறது. மேலூர்ச் சாலையில் வந்தால் துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைப் போல யானைமலை. மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை. அதற்கு அருகே பசுமலை, சமணமலை. வடக்கே நீலம் பூத்து நிற்கும் அழகர்மலை. தெற்கே பரங்குன்றம். நகரத்தைச் சுற்றி நாற்புறமும் பழைய காவற்காரர்களைப் போல இவை நிற்கின்றன. காவற்காரரிடம் யார்தாம் நின்று பேசுகிறார்கள்? வீட்டுக்குள் போகிற அவசரத்தில் நாமும் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

அவ்வாறு தாண்டிப் போகாமல் நின்று பேசுகிற ஒரு கூட்டம் மதுரையில் இருக்கிறது. அதன் பெயர் 'பசுமை நடை'. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முயற்சியால் 2010-ஆம் வருஷத்தில் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓரிடத்தில் கூடுவது, ஏதேனும் ஒரு மலைக்கோ குகைக்கோ பழைய ஊருக்கோ எல்லோருமாக நடந்து போவது, விஷயம் தெரிந்தவர் சொல்லக் கேட்பது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைவது - இவ்வளவுதான் காரியம். இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டும் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறோம்.

பேச்சிப் பள்ளத்தில் ஒரு தாயார்

நகருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் கீழக்குயில்குடி என்ற கிராமம் இருக்கிறது. சமணமலையின் அடிவாரம். அங்கே ஒரு தாமரைத் தடாகம்; கரையில் ஐயனார் கோயில்; பக்கத்தில் விழுதுகள் ஊன்றிப் பரந்து நிற்கும் பெரிய ஆலமரம். பசுமை நடைக்காரர்கள் 2013-இல் 'விருட்சத் திருவிழா' என்று ஒரு விழா நடத்தியது இந்த மரத்தின் நிழலிலேதான்.

ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுப் பாறையிலே வெட்டிய படிகளில் ஏறலானோம். முதல் ஐம்பது படிகள் வரையில் சரித்திர ஆராய்ச்சியில் நமக்கிருந்த உற்சாகத்துக்கு அளவே இல்லை. அதற்கு மேல் உற்சாகம் குறைந்து மூச்சு அதிகமாயிற்று. நமக்கு முன்னால் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஆட்டுக்குட்டியைப் போல் தாவிப் போய்க்கொண்டிருந்தான். நமக்குப் பின்னால் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் சிறிதும் சிரமமின்றி வந்துகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் நாம் அகப்பட்டுக்கொண்டபடியால் நின்று இளைப்பாறவும் மானம் இடங்கொடுக்கவில்லை.

மேலே போனதும் ஒரு சுனை. சுனைக்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். இந்த இடத்துக்குப் பேச்சிப் பள்ளம் என்று பெயர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நின்ற அந்த முகங்களில் சாந்தம் மட்டும் தேயவே இல்லை. உருவங்களின் கீழே வட்டெழுத்தில் சில வரிகள். அவற்றில் ஒன்று, இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் முனிவரின் தாயார் குணமதியார் என்று தெரிவிக்கிறது.

அச்சணந்தி சாமானிய மனிதர் அல்லர். யானைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டி என்று பாண்டி நாட்டு மலைகள் பலவற்றிலும் அவர் செய்வித்த திருமேனிகள் இருக்கின்றன. மலைக்கு மலை நடந்து, பாறைக்குப் பாறை உளியின் ஓசையை எழுப்பிய துறவி அவர். துறவியானாலும் பெற்றவள் பெற்றவள்தானே? மகன் உலகத்தைத் துறந்துவிட்டான். அந்த அம்மாளோ மகன் போன வழியில் தாமும் வந்து, தம் பங்குக்கு ஒரு திருமேனியைச் செய்வித்து, "இன்னான் தாயார்" என்று கல்லிலே எழுதுவித்திருக்கிறார். அரசர் பெயரும் போர்களின் பெயரும் நிறைந்த நம் சரித்திரப் பாடப் புத்தகங்களில் இந்தக் குணமதியாருக்கு ஓர் அரை வரி உண்டா? நாம் பார்த்ததில் இல்லை.

இதைச் சொல்லக் கேட்ட நம்முடன் வந்த மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் அந்த எழுத்துக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மகராசி, நல்லா இருக்கணும்" என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மறைந்த ஒருத்தியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்.

கொடுத்தவர்கள் எழுதிய எழுத்து

குணமதியாராவது ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தியவர். அவருக்கும் ஆயிரம் ஆண்டு முந்தியவர்கள் இந்த மலைகளில் இருக்கிறார்கள். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் குன்றுகளில் இயற்கையான குகைகள் உண்டு. அவற்றின் தரையில் வழவழப்பாகப் படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தலை வைக்குமிடம் தலையணை போல் சற்றே உயர்ந்திருக்கும். குகையின் நெற்றியிலே புருவம் போல ஒரு வெட்டு. பாறை மேல் விழும் மழைநீர் உள்ளே வழிந்துவிடாமல் வெளியே சொட்டுவதற்காகச் செய்த யுக்தி. அந்தப் புருவத்துக்கு அருகில்தான் எழுத்துக்கள். தமிழ் பிராமி என்று அறிஞர்கள் வழங்கும் லிபி. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துக்களுள் அவை சேர்ந்தவை.

ஊர் ஜனங்கள் இவற்றைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். பாண்டவர்கள் வனவாசத்தின்போது தங்கிப்போன இடமாம். படுக்கைகள் ஐந்துக்கு மேல் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உண்மையில் அவை மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி நோன்பிருந்த சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்டவை. கட்டிலும் மெத்தையும் இல்லாதவர்களுக்குக் கல்லிலே ஒரு படுக்கை. வெட்டிக் கொடுத்தவர்கள் யார்?

மாங்குளம் மலைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் வருகிறது. அவனுடைய அதிகாரி கடலன் வழுதி என்பவன் கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துத் தந்தான் என்று காண்கிறது. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் சங்கத்தார், கொடுத்த கொடையும் அங்கே பதிவாகியிருக்கிறது. இவை கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது ஐராவதம் மகாதேவன் முடிவு. அழகர்மலைக் குகைக்குப் போனாலோ ஒரு கடைத்தெருவே நம் முன் வந்து நிற்கிறது. உப்பு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், பொன் கொல்லன்! அறுவை என்றால் துணி. பாணிதம் என்றால் பாகு. கொழு என்றால் ஏர்முனை. மதுரையிலே உப்பு விற்றவனும் துணி விற்றவனும் வெல்லப் பாகு விற்றவனும் சேர்ந்து, தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை யாரோ ஓர் ஏழைத் துறவியின் படுக்கைக்காகச் செலவிட்டிருக்கிறார்கள். தங்கள் ஊர்ப் பெயரையும் 'மத்திரை' என்று கல்லிலே பொறித்திருக்கிறார்கள். இன்றும் கிராமத்து ஜனங்கள் "மருதை" என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் படித்த பேர்வழிகள் இதைக் கவனிப்பார்களாக.

யானைமலையில் உள்ள பழைய எழுத்து அந்த மலையை 'இவகுன்றம்' என்கிறது. இவம் என்றால் யானை. நம் கண்ணுக்கு யானையாகத் தெரிகிற அதே மலை, சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எவனோ ஒருவன் கண்ணுக்கும் யானையாகவே தெரிந்திருக்கிறது. அந்த மனிதன் பேசிய பாஷைக்கும் நாம் பேசும் பாஷைக்கும் உறவு இருப்பது பெரிதல்ல. பார்த்த பார்வையிலும் உறவு இருக்கிறதே!

படிக்கத் தெரியாமல் போன பாட்டன் சொத்து

இவ்வளவு பெரிய சொத்து நம் கொல்லைப்புறத்தில் கிடந்தும் நமக்கு நெடுங்காலம் தெரியாமலிருந்தது. 1882-ஆம் வருஷத்தில் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கில அதிகாரி மாங்குளம் குகை எழுத்துக்களைக் கண்டு தெரிவித்தார். எழுத்து தெரிந்ததே தவிர, பாஷை இன்னதென்று விளங்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1924-இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை ஆராய்ச்சி மகாநாட்டில், கே.வி. சுப்பிரமணிய ஐயர் "இது தமிழே" என்று நிலைநாட்டினார். ழ, ள, ற, ன என்னும் தமிழுக்கே உரிய எழுத்துக்களை அந்தக் கோடுகளுக்கிடையே அவர் அடையாளம் கண்டார். அதன் பிறகும் ஒரு தலைமுறை சென்றது. 1960-களில் ஐராவதம் மகாதேவன் குகை குகையாக ஏறி இறங்கிப் படித்து, நெடுஞ்செழியன் பெயரை உலகுக்குக் காட்டினார். அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி 2003-இல் பெரிய புத்தகமாக வெளிவந்தது.

எழுதினவன் தமிழன், எழுதிய பாஷை தமிழ், படித்துத் தெரிந்துகொள்ள எண்பது வருஷம் பிடித்தது. பாட்டனார் பத்திரம் எழுதிப் பரணில் வைத்திருக்க, பேரன் அதைப் படிக்கத் தெரியாமல் அடுப்புப் பற்ற வைக்கக் கிழிப்பதுண்டு. நம் மலைகளுக்கும் அந்தக் கதி ஏறக்குறைய வந்துதான் விட்டது.

அது எப்படி வந்தது என்பதை மேலூர் வட்டாரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்கும் கருங்கல்லுக்குக் கடல் கடந்த நாடுகளில் நல்ல விலை. ஆகவே, மலைகளைப் பலகை பலகையாக அறுத்து ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். கீழவளவு போன்ற இடங்களில் குவாரிகள் பழைய குன்றுகளை நெருங்கின. சட்டப்படி வெட்டியது எவ்வளவு, சட்டத்தை மீறி வெட்டியது எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. 2012-இல் மதுரைக் கலெக்டராயிருந்த உ. சகாயம், சர்க்காருக்கு நேர்ந்த நஷ்டம் ரூ.16,000 கோடிக்கு மேல் என்று அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015-இல் அவர் தம் முடிவைச் சமர்ப்பித்தார்.

ரூபாய்க் கணக்கைச் சர்க்கார் போட்டுக்கொள்ளட்டும். ஒரு மலையை வெட்டிய பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் அதைத் திரும்ப வளர்க்க முடியாதே என்பதுதான் நம் கவலை.

இங்கே ஓர் ஆட்சேபணை எழலாம். "கல்லை உடைக்கவே கூடாது என்றால் மீனாட்சி கோயில் கோபுரத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது? மகாலுக்குத் தூண் எங்கிருந்து வந்தது? குவாரியில் கூலி வேலை செய்பவன் குடும்பம் எப்படிப் பிழைக்கும்?" நியாயமான கேள்விதான். கல்லில்லாமல் வீடில்லை, கோயிலில்லை. உழைப்பாளிக்குக் கூலியும் வேண்டும். நம் முன்னோர் கல்லை உடைக்காதவர்கள் அல்லர். ஆனால், எந்தக் கல்லை உடைப்பது, எதை விடுவது என்பதில் அவர்களுக்கு விவேகம் இருந்தது. சுனை உள்ள பாறையை விட்டார்கள். சாமி உள்ள பாறையை விட்டார்கள். ஏரிக்கு நீர் தரும் மலையை விட்டார்கள். எடுத்த கல்லிலும் ஆயிரம் வருஷம் நிற்கும்படி ஒன்றைச் செய்து வைத்தார்கள்.

'ரட்சை' என்ற ஒரு சொல்

2010-க்கு வருவோம். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஒன்று அமைக்கலாம் என்ற யோசனை அப்போது சர்க்கார் தரப்பில் எழுந்தது. யோசனை சொன்னவர்கள் கலையை வளர்க்கும் நோக்கத்தோடுதான் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்த மலையில் ஏற்கெனவே சிற்பங்கள் இருக்கின்றன! அதன் அடிவாரத்தில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனுக்கு மந்திரியாயிருந்த மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது, கி.பி. 770-ஆம் ஆண்டைக் காட்டும் கல்வெட்டும் இருக்கிறது. வேலை முடியுமுன் மந்திரி காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் அதை முடித்து வைத்தான் என்று அது சொல்கிறது. மலைமேல் தீர்த்தங்கரர் உருவங்கள். இன்னும் மேலே இரண்டாயிரம் ஆண்டுப் படுக்கைகள்.

நரசிங்கம், ஒத்தக்கடை முதலிய ஊர்களின் மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். எழுத்தாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் உடன் நின்றார்கள். யோசனை கைவிடப்பட்டது. அந்த மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க விரும்பியவர்களை அழைத்துக்கொண்டு போனதிலிருந்துதான் பசுமை நடை பிறந்தது.

இதிலே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அதே யானைமலையில் அச்சணந்தி செய்வித்த திருமேனியின் கீழே, "இது நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை" என்ற கருத்துப்படக் கல்வெட்டு இருக்கிறது. அதாவது, இதைக் காப்பது அவ்வூர்ச் சபையின் பொறுப்பு. நரசிங்கப் பெருமாளை வழிபட்ட ஊரின் சபையார், அருகன் திருவுருவத்துக்குக் காவல் நின்றிருக்கிறார்கள்! மதச் சண்டைகளைப் பற்றியே பேசிப் பேசி வாய் வலித்துப் போன நமக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய மருந்து! சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பிறகு, மலைக்கு ஆபத்து வந்தபோது முன்வந்து நின்றவர்களுள் அதே நரசிங்கத்து ஜனங்களும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டைப் படித்திருப்பார்கள்? பொறுப்பு மட்டும் எப்படியோ இறங்கி வந்துவிட்டது.

அரிட்டாபட்டியின் பதில்

மேலூருக்கு அருகே உள்ள அரிட்டாபட்டி ஏழு குன்றுகள் சூழ்ந்த கிராமம். அங்கே ஒரு குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அபூர்வமான லகுலீசர் சிற்பம் அதில் காணப்படுகிறது. குகை ஒன்றில் நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் கொடுத்த கொடையைத் தமிழ் பிராமி எழுத்து தெரிவிக்கிறது. மலையில் பெய்யும் மழை சுனைகளாகவும் ஓடைகளாகவும் இறங்கி ஆனைகொண்டான் ஏரியை நிரப்புகிறது. வல்லூறுகளும் கழுகுகளும் தேவாங்கும் எறும்புதின்னியும் வாழும் இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. அங்கே 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று சர்க்காரே கணக்குச் சொல்லிற்று.

இரண்டே வருஷம் சென்றது. 2024 நவம்பரில் இன்னோர் அறிவிப்பு வந்தது. நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் உலோகம் எடுப்பதற்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி தேர்ந்தெடுக்கப்பட்டது என்று மத்திய சர்க்கார் தெரிவித்தது. பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். அந்தப் பரப்புக்குள்ளேயே பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது! ஒரு கை பொட்டு வைக்க, மறு கை அதை அழிக்க வந்த கதை.

டங்ஸ்டன் தேசத்துக்கு வேண்டாத பொருள் அன்று. கடினமான கருவிகளுக்கும் யுத்த தளவாடங்களுக்கும் அது அவசியம். உலகச் சந்தையில் பெரும்பகுதி சீனத்தின் கையில் இருக்கிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும், தேசத்துக்கு உலோகம் வேண்டும் என்பதற்காகத் தேசத்தையே தோண்டி எடுத்துவிட்டால், மிச்சமுள்ளதைக் கொண்டு எதைக் காப்பது?

ஊர்ச் சபைகள் கூடித் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பர் 9-இல் சட்டசபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகரத்தை நோக்கி ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தே புறப்பட்டார்கள். விவசாயிகள், கூலியாட்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மார்கள், கம்பூன்றிய கிழவர்கள் எல்லோரும் நாற்சாலை வழியே நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அங்கே இருப்பதும், ஜனங்களின் எதிர்ப்பும் காரணமாகக் காட்டப்பட்டன.

நடந்து காரியம் சாதிப்பது இந்தத் தேசத்துக்குப் புதிதா? 1930 மார்ச்சில் மகாத்மா தண்டிக்கு நடந்தார். ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். ஒரு பிடி உப்புக்காக நடந்த நடை அது. அழகர்மலையில் படுக்கை வெட்டிக் கொடுத்த உப்பு வணிகன் அதைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பான்!

அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலைக்காகப் பேசியபோது வெறும் வயிற்றுப் பாட்டை மட்டும் பேசவில்லை. குகை எழுத்தைச் சொன்னார்கள். குடைவரைக் கோயிலைச் சொன்னார்கள். அச்சணந்தி பெயரைச் சொன்னார்கள். நிலத்துக்குப் பட்டா உண்டு, மலைக்கு ஏது பட்டா என்று இருந்த காலம் போய், "இதோ எங்கள் பட்டா" என்று இரண்டாயிரம் ஆண்டு எழுத்தைக் காட்டினார்கள். அந்த எழுத்து இன்னது என்று நாலு பேருக்குத் தெரியும்படி செய்ததில், மலை மலையாக ஏறிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் குகை வாசலில் நின்று, குழந்தைக்கும் விளங்கும்படி எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நடையில் சேர்ந்த விஷயங்களை 'மதுர வரலாறு' என்ற நூலாகவும் பசுமை நடைக்காரர்கள் வெளியிட்டிருக்கிறார்கள்.

சட்டமும் சங்கமும்

பழைய சின்னங்களைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1904-இல் கர்ஸன் பிரபு காலத்தில் ஒரு சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1958-இல் நம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 1966-இல் தமிழகத்துக்கென்றும் ஒன்று ஏற்பட்டது. சட்டம் ஒரு நீலப் பலகையை நட்டு வைக்கும். "சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்" என்று அதில் எழுதி வைக்கும். பலகைக்குக் கண் உண்டா, கால் உண்டா? அது ராத்திரியில் லாரி வருவதைப் பார்க்குமா?

பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் ஜனங்கள். இங்கிலாந்தில் 1877-இல் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர், பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அரசாங்கம் விழித்துக்கொள்ளும் முன்பே ஜனங்கள் விழித்துக்கொண்டதற்கு அது உதாரணம். நம் மதுரையிலே சங்கம் என்பது இரவல் வாங்க வேண்டிய சரக்கா? ஏடுகள் செல்லரித்துப் போகின்றனவே என்று ஏங்கி, 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊர் அல்லவா இது? அவர் ஓலையில் இருந்ததைக் காக்க முயன்றார். இவர்கள் கல்லில் இருப்பதைக் காக்க முயல்கிறார்கள்.

ஆனாலும், இந்தக் காரியத்தில் பகைவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வருபவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குகைகளில் நாம் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கற்படுக்கைகளின் மேலும், தீர்த்தங்கரரின் காலடியிலும், வெள்ளைப் பெயிண்டினால் பெயர்கள். இன்னான் இன்னாளைக் காதலிக்கிறான் என்ற அறிக்கைகள். காதலுக்கு நாம் விரோதிகள் அல்ல. ஆனால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இதே பாறையில் பெயர் எழுதியவனும் ஒரு வாலிபனாக இருந்திருக்கலாம். அவன் முதலில் ஒரு படுக்கையைக் கொடுத்தான். பிறகுதான் தன் பெயரை எழுதினான். நம் வாலிபர் கொடுப்பதை மறந்துவிட்டு எழுதுவதை மட்டும் நினைவு வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயிண்டைச் சுரண்டி எடுத்தால் கீழே உள்ள பழைய எழுத்தும் போய்விடும். ஆகையால், எழுதிய கையைத் தேடித் தண்டிப்பதைவிட, எழுதப் போகிற கையைக் குழந்தைப் பருவத்திலேயே பிடித்து மலைக்கு அழைத்துச் செல்வது மேல். ஒரு முறை குணமதியாரின் கதையைக் கேட்ட பையன், அந்த அம்மாள் தலைக்கு மேலே பெயிண்டுத் தூரிகையை ஓட்டத் துணிய மாட்டான்.

இறங்கி வரும்போது ஆலமரத்தடியில் எல்லோருக்கும் இட்டிலி கிடைத்தது. நம் முன்னால் தாவிப்போன அந்த எட்டு வயதுப் பையன் சாப்பாட்டைக்கூட மறந்து, குச்சியால் மண்ணில் ஏதோ கீறிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். நடுவே இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு வளைவு - காலையில் கற்றுக்கொண்ட பிராமி எழுத்தில் தன் பெயரை எழுத முயன்றுகொண்டிருக்கிறான்! "தாத்தா, 'ழ' எப்படிப் போடணும்?" என்று நம்மைக் கேட்டான். நமக்குத் தெரியவில்லை. வெட்கமாயிருந்தது.

நேயர்கள் அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது கணக்கில் ஒரு காலைப் பொழுதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக் குழந்தைகளையும், கால் வலி என்று சொல்லும் பெரியவர்களையும் தவறாமல் அழைத்துப் போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காலிப் புட்டியைத் திருப்பி எடுத்து வாருங்கள். முடிந்தால், போகுமுன் 'ழ' எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே யாராவது ஒரு பையன் நிச்சயமாகக் கேட்பான்.